கோடிட்ட இடம்

தெமிர்தாவில் ஜனவரி.
பனி விழும்போது வெள்ளை, விழுந்த பின் சாம்பல்.
உருக்காலைப் புகை தன் பங்கைப் பூசாமல்
எதையும் தரையில் இறங்க விடுவதில்லை.

வேதியியலுக்குப் பாடவேளை குறைந்துபோனதால்
எனக்கு இன்னொரு பதவி தந்தார்கள்: வழிகாட்டி.
எந்த வழி என்று சொல்லவில்லை.
தலைநகரிலிருந்து ஒரு கட்டுத் தாள் மட்டும் வந்தது.
மேலே,
நான் ஒரு ____________.
கீழே,
பத்து ஆண்டுகளில் நான் ____________ ஆவேன்.
அவ்வளவுதான். கோடிட்ட இடங்களை நிரப்புக.

பத்தாம் வகுப்பில் இருபத்தெட்டுப் பேர்.
கொடுத்தது இருபத்தெட்டு, வந்தது இருபத்தேழு.

ரோசா கிம் 'கொரியப் பெண்' என்று எழுதி, அடித்து,
'கசாக் பெண்' என்று எழுதி, அடித்து,
'ரஷ்ய மொழியில் கனவு காண்பவள், ஆனால்' என்று தொடங்கி
கோடு போதாமல் ஓரத்தில் செங்குத்தாகத் திரும்பி
தாள் முடிகிற இடத்தில் நின்றிருந்தாள்.

ஆர்த்தூர் வாக்னர்:
நான் ஒரு இடது கால் ஆட்டக்காரன்.
பத்து ஆண்டுகளில்? 'இரண்டு கால்.'

ஜிபெக்:
நான் ஒரு அக்கா, மூன்று பேருக்கு.
பத்து ஆண்டுகளில் நான் தனி அறை ஆவேன்.
பிழை என்று சிவப்புப் பேனாவை எடுத்தேன்.
மூடியைக் கழற்றவில்லை.

தானியார்:
நான் ஒரு மகன்.
பத்து ஆண்டுகளில் நான் அப்பாவைவிட மூத்தவன் ஆவேன்.
மூன்றாம் உலை. அன்று அவருக்கு வயது இருபத்தைந்து.
கூட்டிப் பார்த்தேன். கணக்குச் சரி.

அன்று டிராமில் எனக்கென்று ஒரு தாளைப் பிரித்தேன்.
ஐம்பத்தொரு வயதில் பத்து ஆண்டுகள் என்றால்
ஓய்வூதியப் புத்தகம்.
முதல் கோட்டில் பெயரை எழுதினேன். பெயரைக் கேட்கவே இல்லை.
கண்ணாடியில் படிந்த ஈரத்தைத் துடைக்க
அந்தத் தாள் உதவியது.

இரண்டாம் வாரம், 'கலந்துரையாடுக' என்றது கையேடு.
பேச்சு எனக்கு வராது. பர்னரைப் பற்றவைத்தேன்.
நான்கு கிண்ணங்கள், நான்கிலும் ஒரே வெள்ளைத் தூள்.
கம்பியில் தொட்டுச் சுடரில் காட்டினால்
ஒன்று சிவந்தது, ஒன்று மஞ்சள்,
ஒன்று பச்சை, ஒன்று
கடைசி வரிசை எழுந்து நின்று பார்த்த ஊதா.
"பார்த்தீர்களா..." என்று நான் இழுப்பதற்குள்
ஜன்னலோரத்திலிருந்து கமிலா சொன்னாள்:
"டீச்சர், நாங்கள் உப்பு இல்லை."

வகுப்பே சிரித்தது. நானும்தான்.
எரிவாயுவை மூடினேன்.
ஒருவர் யாரென்று நெருப்பில் காட்டித் தெரிந்துகொள்வது
இந்த ஊரில் ஏற்கெனவே நடக்கிற வேலை,
மூன்று ஷிப்டாக.

மணி அடித்துக் கிண்ணங்களை எடுக்கும்போதுதான் கவனித்தேன்:
மேசை ஆடவில்லை.
செப்டம்பரிலிருந்து ஆடுகிற மேசை.
மூன்று முறை விண்ணப்பம் எழுதியிருக்கிறேன்,
இரண்டுக்குப் பதில் வந்தது, தச்சர் வரவில்லை.
குனிந்து பார்த்தேன்.
ஒரு காலடியில், எட்டாக மடித்த தாள்,
தேவையான கனத்துக்கு, ஒரு மயிரிழை கூடுதலில்லாமல்.

யெல்தோஸ் கடைசியாகப் பையை மாட்டிக்கொண்டிருந்தான்.
கேட்டேன். தோளைக் குலுக்கினான்.
"ஆடிக்கொண்டிருந்தது."
போய்விட்டான்.

மடிப்பின் விளிம்பில் 'நான் ஒரு' தெரிந்தது.
மிச்சம் இரும்புக் காலுக்கு அடியில்.
அங்கே ஏதாவது எழுதியிருந்தானா, தெரியாது.
இழுத்துப் படித்திருக்கலாம்.
மேலே கிண்ணங்கள் இருந்தன என்பது
பாதிக் காரணம்தான்.

மாலை அலுவலகத்துக்கு அறிக்கை எழுதினேன்:
கொடுத்த தாள்கள், இருபத்தெட்டு.
திரும்பி வந்தவை, இருபத்தேழு.
பயன்பாட்டில் உள்ளது, ஒன்று.